ஐம்பதுக்கு மேல் சிவப்பு

அழகுக் குறிப்புப் பக்கங்களில் சில வாக்கியங்களுக்குச் சாவே கிடையாது. எலுமிச்சம்பழத் தோலை முழங்கையில் தேய்க்கச் சொல்வது ஒன்று. இன்னொன்று, 'வயதான கைகளுக்கு அடர் நிற நெயில் பாலிஷ் வேண்டாம். வெளிர் பிங்க், பீச், நியூட் போன்ற மென்மையான நிறங்களே எடுப்பாக இருக்கும்' என்பது. எழுதுகிறவர் பெயர் மாறும். பக்கத்தில் போடும் படம் மாறும். (படத்தில் இருக்கும் கைக்கு இருபத்திரண்டு வயசுக்கு மேல் இருக்காது. ஒரு நரம்பு தெரியாது.) பிங்க் மட்டும் அப்படியே இருக்கும்.

காரணமும் சொல்கிறார்கள். வயசாக ஆக புறங்கைத் தோல் மெலியும், அடியில் இருக்கும் கொழுப்பு குறையும், நரம்பு புடைக்கும், வெயில் பட்ட இடத்தில் புள்ளி விழும். பளிச்சென்று சிவப்பு பூசினால் பார்க்கிறவர் கண் கைக்குப் போகும். போன கண் புள்ளியையும் பார்த்துவிடும். ஆகவே கண்ணை அந்தப் பக்கமே வரவிடாதே. எடுப்பாகத் தெரிய என்ன செய்யலாம் என்று கேட்டவளுக்கு, தெரியாமலே இருக்க வழி சொல்கிறார்கள்!

இந்தக் கட்சிக்கு ஒரு மகாராணியே சாட்சி. பிரிட்டனின் இரண்டாம் எலிசபெத்துக்குப் பிடித்தது எஸ்ஸி கம்பெனியின் 'பாலே ஸ்லிப்பர்ஸ்' என்ற வெளிர் பிங்க். 1989-ல் அவருடைய சிகையலங்காரக்காரர் ஒரு பாட்டில் கேட்டுக் கடிதம் போட்டதாகக் கம்பெனி தரப்பில் சொல்வார்கள். அப்போது அரசிக்கு 63 வயசு. அவருக்கு அது பொருந்தியது, சந்தேகமில்லை. வெளுத்த ரோஜா நிறத் தோலில் வெளிர் ரோஜா பூசினால் நகமும் விரலும் ஒன்றாகக் கலந்து விரல் நீளமாகத் தெரியும். அதே பாட்டிலை நம் ஊர் மாநிறக் கையில் பூசிப் பாருங்கள். பால் கலந்த அந்த பிங்க், வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிவிட்டுக் கழுவாமல் வந்த மாதிரி தனியாக நிற்கும். அடக்கமாக இருக்கட்டும் என்று வாங்கிய நிறம் தண்டோரா போடும்.

'நியூட்' இன்னும் மோசம். யாருடைய தோல்? அமெரிக்காவின் மெரியம் வெப்ஸ்டர் அகராதியே 2015 வரைக்கும் அந்த வார்த்தைக்கு வெள்ளைக்காரரின் தோல் நிறம் என்று ஓர் அர்த்தம் போட்டிருந்தது. ஆட்சேபம் கிளம்பிய பிறகுதான் திருத்தினார்கள். நம் கைகளுக்கு நியூட் என்றால் அது ஃபில்டர் காபி, வெல்லம், லவங்கப்பட்டை. அழகுக் குறிப்பு எழுதுகிறவர்கள் இங்கிலீஷ் பத்திரிகையிலிருந்து நிறத்தை இறக்குமதி செய்தார்கள், தோலைச் செய்ய முடியவில்லை.

மாநிறத்துக்கும் கருத்த கைகளுக்கும் எது நன்றாக இருக்கும்? அரக்கு, ஒயின், செங்கல் நிறம், நாவல்பழம். எந்த வயசிலும். வயசு உண்மையிலேயே குறுக்கே வருவது நிறத்தில் இல்லை, மினுமினுப்பில். வயசானால் நகத்தில் நெடுக வரிகள் விழும். முத்து மாதிரி மின்னும் வகை அந்த வரி ஒவ்வொன்றுக்கும் லைட் போட்டுக் காட்டும். மினுக்கு இல்லாத க்ரீம் வகை அவற்றை மூடும். அடியில் ஒரு பேஸ் கோட் கொடுத்தால் மேடுபள்ளம் குறையும், அடர் நிறத்தின் கறை நகத்தில் ஏறி மஞ்சளாவதும் குறையும். நகத்தைக் கட்டையாக வெட்டிக்கொண்டு, ராத்திரி கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவினால் போதும். இதைச் சொல்ல நாலு வரி ஆகிறது. 'வெளிர் பிங்க் போடுங்கள்' என்றால் ஒரே வரியில் வேலை முடிந்துவிடும்.

சிவப்புக்குத் துணிச்சல் என்று அர்த்தம் ஏற்றியதே வியாபாரிகள்தான். 1932-ல் நெயில் பாலிஷோடு தொடங்கிய ரெவ்லான், உதட்டுக்கும் விரலுக்கும் ஒரே நிறம் என்று சொல்லி ஒரே பெண்ணிடம் இரண்டு சரக்கு விற்றது. பி.காம். படித்தவர்கள் எழுந்து நின்று கைதட்ட வேண்டிய யோசனை. 1952-ல் 'ஃபயர் அண்ட் ஐஸ்' என்று ஒரு சிவப்பு கொண்டுவந்தார்கள். இந்த நிறத்துக்கு ஏற்ற பெண்தானா நீ என்று விளம்பரத்தில் 15 கேள்விகள். படத்தில் நின்ற டோரியன் லீக்கு அப்போது 35 வயசு. 'வோக்' ஆசிரியராக இருந்த டயானா வ்ரீலேண்டோ சிவப்பு நகங்களோடேயே கிழவியானவர்.

அவ்வளவு தூரம் போவானேன்? க்யூடெக்ஸ் என்ற பேரே காதில் விழாத நம் பாட்டிமார்கள் எழுபது வயசிலும் விரல் நுனியில் மருதாணித் தொப்பி வைத்துக்கொண்டார்கள். தோலில் வைத்தது ஒன்றிரண்டு வாரத்தில் போய்விடும். நகத்தில் ஏறியது, நகம் வளர்ந்து வெட்டுப்படும் வரைக்கும், மாசக்கணக்கில் இருக்கும். இந்த வயசுக்கு இவ்வளவு சிவப்பா என்று யாரும் கேட்டதில்லை.

ஆனால் இன்னொன்று கேட்டார்கள். புருஷன் இருக்கிறானா என்று. பல வீடுகளில் அவன் போன அன்றோடு பூவும் குங்குமமும் போன வழியிலேயே மருதாணியும் போனது. முப்பது வயசு விரலாக இருந்தாலும் சரி. அதனால்தான் 'மென்மையான நிறம்' என்ற வார்த்தையைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் கோபம் வருகிறது. அங்கே வெள்ளைப் புடவை என்று பச்சையாகச் சொன்னதை, இங்கே வயசைக் காரணம் காட்டி பீச் என்கிறார்கள்.

ஃபேன்சி ஸ்டோரில் நின்று கவனியுங்கள். ஐம்பத்தைந்து வயசு அம்மா ஒருத்தர் அரக்கு பாட்டிலைக் கையில் எடுத்தால், கவுன்ட்டரில் இருக்கும் பெண் சிரித்துக்கொண்டே, "பொண்ணுக்காம்மா?" என்பாள். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. அந்த அம்மாவும், "ஆமாம்மா" என்பார். பில் போட்டு வாங்கிப் பைக்குள் வைத்துக்கொள்வார். பெண் அமெரிக்காவில் இருப்பாள்.

வாங்கும்போது ஷேடு கார்டை நம்பாதீர்கள். டெஸ்டர் இருந்தால் கட்டைவிரலில் இரண்டு பூச்சு போட்டு, காய்ந்ததும் கடை வாசலுக்கு வந்து வெயிலில் பாருங்கள். ட்யூப்லைட் வெளிச்சத்தில் செங்கல்லும் அரக்கும் ஒன்று போலத்தான் தெரியும். கை சாம்பல் பூத்த மாதிரி இருந்தால் வைத்துவிடுங்கள். பளிச்சென்று இருந்தால் எடுங்கள். அந்தப் பெண் கேட்டால், எனக்குத்தான் என்று சொல்லுங்கள்.