சந்தையும் வாய்க்காலும்: ‘கசகறணம்’ நாவலை முன்வைத்துச் சில குறிப்புகள்

விமல் குழந்தைவேலின் ‘கசகறணம்’ (2011) அக்கரைப்பற்றுச் சந்தையைக் களமாகக் கொண்ட நாவல். அங்கு கூடி வாழ்ந்த தமிழ், முஸ்லிம் மக்களின் உறவு 1985 ஆம் ஆண்டுக் கலவரத்தில் சிதறுவதை அவ்வூர்ப் பேச்சுமொழியிலேயே அது சித்திரிக்கின்றது. அம்மொழியே அதன் பெரும்பலம்.

இத்தகைய படைப்புகளைப் படிப்போர், ‘பிட்டும் தேங்காய்ப்பூவும் போல் வாழ்ந்தோம்’ என்னும் பெருமூச்சுடன் அமைந்துவிடுவது வழக்கம். அது பொய்யன்று. தாய்வழிக் குடிமுறையும், மகளுக்கு வீடு கொடுக்கும் வழக்கமும் இரு சமூகத்தார்க்கும் பொதுவானவை. ஆயினும், உறவைக் குணநலனாகவும் பகையைக் குணக்கேடாகவும் மட்டும் காணும் வாசிப்பு வரலாற்றை மறைத்துவிடுகின்றது. நெல், மீன், கூலியுழைப்பு ஆகியவற்றின் பரிமாற்றமே சந்தையுறவின் அடித்தளம். அதற்கும் அடியில் இருப்பவை நிலமும் நீரும்.

அவை மாறிய கதை சந்தைக்கு மேற்கே தொடங்குகின்றது. பட்டிப்பளை ஆற்றை மறித்து 1949 இல் தொடங்கப்பட்ட கல்லோயாத் திட்டம், வெளிமாவட்டச் சிங்கள விவசாயிகளைப் பெருந்தொகையாகக் குடியமர்த்தியது. (அவர்களும் வறியோரே என்பதை மறத்தலாகாது.) 1956 ஜூனில் அப்பள்ளத்தாக்கில் இனக்கலவரம் மூண்டது. 1961 இல் மட்டக்களப்பிலிருந்து பிரிக்கப்பட்ட புதிய மாவட்டத்தின் தலைமையிடம் கரையோரத்திலன்றிக் குடியேற்ற நகரான அம்பாறையிலேயே அமைந்தது. இடதுகரை வாய்க்காலின் தலைப்பில் சிங்களக் குடியேற்றவாசிகள், கடைமடையில் தமிழ் பேசுவோர் என நீர்ப்பங்கீடே இனவரிசையாயிற்று. ஒடுங்கிய கரையோரத்தில் காணிக்கும் பதவிக்கும் பிரதேச எல்லைக்குமாகத் தமிழரும் முஸ்லிம்களும் ஒருவரையொருவர் போட்டியாளராகக் காணலாயினர். இன்று அக்கரைப்பற்றும் ஆலையடிவேம்பும் அடுத்தடுத்திருந்தும் தனித்தனிப் பிரதேச செயலகங்கள். 1985 இன் வன்முறையை இவற்றால் மட்டும் விளக்கிவிட முடியாது. ஆயுதம் ஏந்தியோரின் பங்கும் அரசின் பங்கும் தனியே ஆராயப்பட வேண்டியன.

இது இலங்கைக்கு மட்டும் உரியதன்று. சீனாவின் சின்ஜியாங்கில் 1954 இல் அமைக்கப்பட்ட உற்பத்திக் கட்டுமானப் படையணி, வறண்ட நிலத்தை விளைநிலமாக்கியபோதே ஹான் மக்களையும் பெருமளவில் குடியமர்த்தியது. 2009 ஜூலையில் அப்பிரதேசத் தலைநகர் உரும்சியில் உய்குர்-ஹான் கலவரம் வெடித்தது. அணையும் உழவு இயந்திரமும் தோன்றியவுடன் ‘வளர்ச்சி’ என ஆர்ப்பரித்த நம் முற்போக்காளர் பலர், எவர் நிலம், எவர் நீர் என வினவத் தவறினர். இக்கட்டுரையாளனும் அதற்கு விலக்கல்லன்.

‘கசகறணம்’ நாவலை மீண்டும் படிக்கையில், அச்சந்தைக்கு வந்த நெல் எந்த வாய்க்காலின் நீரில் விளைந்தது என்ற வினாவுடனேயே படிக்க நேர்கின்றது.