சாட்சியும் புகாரும்

சாட்சி என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு இடங்கள் இருக்கின்றன. ஒன்று கோர்ட்டு, இன்னொன்று ஜெபக்கூட்டம். கோர்ட்டில் சாட்சி சொல்பவர் தான் பார்த்த குற்றத்தைச் சொல்கிறார். கூண்டில் வேறொருவர் நிற்கிறார். ஜெபக்கூட்டத்திலோ சாட்சி சொல்பவரே கூண்டிலும் நிற்க வேண்டும். 'நான் இப்படியிருந்தேன், இப்போது இப்படியிருக்கிறேன்' என்ற இரண்டு வாக்கியங்களுக்கு நடுவே ஒரு முழு வாழ்க்கையும் அடங்கிவிடுகிறது. தலித் தன்வரலாறு பற்றிப் பேசும்போதெல்லாம் நாம் மராத்திக்குப் போனோம். பக்கத்துத் தெருவில் ஷீட் போட்ட கொட்டகைக்குள், எட்டாவதோடு படிப்பை விட்ட பெண்கள் வாராவாரம் மைக் பிடித்து 'நான்' என்று பேசிக்கொண்டிருந்ததை ஒரு எழுத்து வடிவமாகப் பார்க்க நமக்குத் தோன்றவில்லை. எனக்கும்தான்.

1993இல் நான் ஓசூருக்கு அப்ரண்டிஸாகப் போனேன். 1970களின் பிற்பகுதியிலிருந்து பத்துப் பதினைந்து வருஷத்துக்குள் சிப்காட்டைச் சுற்றி லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் என்று வந்து, அவற்றுக்கு உதிரிபாகம் செய்யும் சின்னச் சின்னப் பட்டறைகள் நூற்றுக்கணக்கில் முளைத்திருந்தன. ஜூஜூவாடி தாண்டினால் அத்திப்பள்ளி, அந்தப் பக்கம் கர்நாடகம். தெருவில் தெலுங்கும் கன்னடமும் தமிழும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நடக்கும். தருமபுரிப் பக்கத்து வறட்சி ஊர்களிலிருந்து பிள்ளைகள் பஸ் பஸ்ஸாக வந்து மூக்கண்டப்பள்ளி லைன் வீடுகளில் ஆறு பேர், எட்டுப் பேராக அடைந்து கிடந்தோம். (கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004இல்தான்.) நான் கடவுள் மறுப்பாளன். ஜெபக்கூட்டத்துக்குப் போனதற்குக் காரணம் முடிந்ததும் போடும் சாப்பாடு.

அங்கேதான் அந்த அக்காவின் சாட்சியைக் கேட்டேன். அப்பா இல்லை, அம்மா கல் உடைக்கிறவர், பதினாறு வயதில் ஓசூர், சாக வேண்டும் என்று நினைத்த ஒரு சாயங்காலம், எங்கிருந்தோ கேட்ட பாட்டு, உள்ளே போனது, சமாதானம் கிடைத்தது. 'இப்ப கர்த்தர் என்னைய நாலு பேருக்கு ஒத்தாசையா வெச்சிருக்கார்.' பத்து நிமிஷம். அல்லேலூயா. அடுத்து இன்னொருவர். அவர் கதையும் ஏறக்குறைய இதேதான், நோய் மட்டும் வேறு.

அந்த அக்கா இதே கதையை அடுப்படியில் வேறு மாதிரி சொல்வார். அதுவும் ஒரே நாளில் அல்ல. அரிசி களைகிறபோது கொஞ்சம், ஷிஃப்ட் முடிந்து வந்து காலை நீட்டி உட்கார்ந்து கொஞ்சம். அதில் அப்பா சும்மா 'இல்லாமல்' போகவில்லை. குவாரி முதலாளியிடம் அட்வான்ஸ் வாங்கிய அப்பா செத்ததும் கடன் அம்மா தலையில் விழுந்தது, பிறகு அண்ணன் தலையில். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்துவிட்டது, அந்தக் குவாரிக்கு மட்டும் வரவில்லை. பட்டறையில் நைட் ஷிஃப்டில் கையைப் பிடித்த சூப்பர்வைசர், ஒன்றுக்குப் போன நேரத்தைக் கணக்குப் பார்த்துக் கூலி பிடித்த காண்ட்ராக்டர், எல்லாரும் இந்த இரண்டாவது கதையில் பெயரோடு இருந்தார்கள். 'சாக நினைத்த சாயங்காலம்' என்பது, வீடு கேட்டு ஏறி இறங்கிய ஐந்தாவது வாசலில் 'நீங்க என்ன ஆளுங்க?' என்று கேட்டு அனுப்பிய சாயங்காலம். ஆறாவது வாசலில் ஒரு பாட்டியம்மா முந்திக்கொண்டு பதில் சொன்னாராம்: 'எங்க சபைப் பொண்ணு.' வீட்டுக்காரர் மேற்கொண்டு கேட்கவில்லை. அக்கா அதற்கு முன் எந்தச் சபைக்கும் போனதே இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் போனார்.

இதையெல்லாம் ஏன் மைக்கில் சொல்வதில்லை என்று கேட்டேன். வாதம் பண்ணுகிற வயசு. அவர் சிரித்துக்கொண்டு சொன்னார்: 'அதெல்லாம் சொன்னா சாட்சி ஆவாது தம்பி, புகாரா ஆயிடும்.'

முப்பது வருஷமாக இந்த வாக்கியம் என்னோடு இருக்கிறது. அல்தூசர் 1970இல் எழுதிய கருத்தியல் கட்டுரையில் தெருவில் போகிறவனைப் போலீஸ்காரன் கூப்பிடும் உதாரணத்தை நாம் எல்லோரும் மேற்கோள் காட்டியிருக்கிறோம். அதே கட்டுரை பிற்பகுதியில் கிறித்தவத்தை எடுத்துக்கொண்டு, கடவுள் மோசேயைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதையும் அவன் 'இதோ இருக்கிறேன்' என்பதையும் பேசுகிறது. அழைப்புக்குத் திரும்புகிறவன் தன்னிலையாகிறான், அந்த அழைப்புக்கு அடங்கியும் போகிறான். சரி. ஆனால் அக்காவை அன்றைக்கு எத்தனை பேர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்? கம்பெனி டோக்கன் நம்பரால் கூப்பிட்டது. வீட்டுக்காரர் சாதியால் கூப்பிட்டார். அந்தப் பாட்டியம்மா மட்டும் மற்ற அழைப்புகளுக்குப் பதில் சொல்லாமல் நிற்க ஒரு இடம் கொடுத்தார். அழைப்புகளுக்குள் மோதல் இருக்கிறது, அந்த மோதலின் இடுக்கில்தான் ஆள் மூச்சு விடுகிறாள் என்பதை அல்தூசர் போதுமான அளவு சொல்லவில்லை என்றே நினைக்கிறேன்.

அதற்காக மைக் முன்னால் சொன்ன கதையை விட்டுவிட முடியாது. அதன் இலக்கணம் கவனிக்கத்தக்கது. 'காக்கப்பட்டேன்', 'தேற்றப்பட்டேன்', 'நடத்தப்பட்டேன்'. எல்லாம் செயப்பாட்டுவினை. செயலைச் செய்பவர் கர்த்தர். அட்வான்ஸ் கொடுத்த கை, காய்ச்சலில் கஞ்சி ஊற்றிய கை, ராத்திரி இரண்டு மணிக்கு கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்குக் கூட வந்த கை எதுவும் அதில் இல்லை. கொடுமை செய்தவர்கள் சாத்தானுக்குள் மறைகிறார்கள் என்பதை நாம் உடனே பார்த்துவிடுவோம், அது நமக்குப் பழக்கமான விமர்சனம். உதவி செய்த பெண்களும் அதே வேகத்தில் கர்த்தருக்குள் மறைந்துபோகிறார்கள் என்பதைத்தான் பார்க்கத் தவறுகிறோம். ஃபூக்கோ 1976இல் பாவசங்கீர்த்தனம் பற்றிச் சொன்னது இங்கே பாதிதான் பொருந்தும். உண்மையைப் பேசவைக்கும் இயந்திரம் அது என்றார் அவர். இந்த இயந்திரம் பேசவைத்த உண்மையைவிடப் பேசாமல் வைத்த உண்மை அதிகம்.

சாட்சியைப் புகாராக்கிய ஒரு பிரதி தமிழில் உண்டு. 1992இல் வந்த பாமாவின் 'கருக்கு'. தலைப்புக்கு அவர் முன்னுரையில் தரும் விளக்கத்தில் பனங்கருக்கும் இருக்கிறது, விவிலியத்தின் இருபுறமும் கருக்குள்ள வாளும் இருக்கிறது. இளமையின் வறுமை, சாதி இழிவு, படித்து மேலேறச் சொல்லும் அண்ணன், ஆசிரியப் பணி, ஏழைப் பிள்ளைகளுக்கு உதவ வேண்டும் என்பதற்காகவே கன்னியர் மடத்தில் சேர்தல். சாட்சிக்கு வேண்டிய சரக்கு அத்தனையும் இருக்கிறது. வழக்கமான சாட்சியாக இருந்தால் மடத்து வாசலில் கதை முடிந்திருக்கும். கருக்கு அங்கேயிருந்து முறுக்கிக்கொள்கிறது. உள்ளே போனவர் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கான பள்ளிகளையும், ஏழ்மை விரதத்தின் சௌகரியங்களையும், சாதியையும் பார்க்கிறார்; வெளியே வருகிறார்; வெளியே வேலையும் இல்லை, கையில் காசும் இல்லை. 'அன்று இருள், இன்று ஒளி' என்ற கோடு அறுந்துபோகிறது. கதை நேராகப் போகாமல் சொன்ன இடத்துக்கே திரும்பித் திரும்பி வருவதும் அதனால்தான். அடுப்படிக் கதை அப்படித்தான் வரும்.

சிறுபத்திரிகைக்காரர்களான நாம் கருக்கின் பேச்சு மொழியைக் கொண்டாடினோம், தலித் தன்னிலையைக் கொண்டாடினோம். அதிலிருக்கும் விசுவாசத்தை மட்டும் விருந்தாளி வீட்டில் கண்ட அழுக்குத் துணி போல ஓரமாகத் தள்ளினோம். ஆனால் நிறுவனத்தைக் கூண்டில் ஏற்றுகிற அந்தக் குரல் கடவுளை விட்டுவிட்டுப் பேசவில்லை. கடவுளின் பெயரால்தான் ஏற்றுகிறது. எழுந்து நின்று 'நான்' என்று சொல்லும் பழக்கத்தைக் கொடுத்ததில் அந்தச் சபைக்கும் பங்குண்டு. புத்தகத்தை வெளியிட்டதும் மதுரையில் இயேசு சபையார் நடத்திய ஆய்வு மையம்தான். சங்கடமாக இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும்.

இன்னொரு சங்கடம் பெயர். அக்காவுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு பெயர், சாதிச் சான்றிதழில் ஒரு பெயர். 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறித்தவராகும் தலித் பட்டியல் சாதியில் இல்லை. தமிழ்நாட்டில் பிற்பட்டோர் பட்டியலுக்குப் போகிறார். இதை ஆராய 2022இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் ஆணையம் போடப்பட்டது. 2024 நவம்பரில், ஞானஸ்நானம் பெற்று சர்ச்சுக்கும் போய்வரும் பெண் வேலைக்காகப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதாவது சாட்சி சொல்வதற்கு விலை இருக்கிறது. மைக்கில் சொல்லும் ஒரு வாக்கியம் பிள்ளையின் வேலை வாய்ப்பைத் தின்னலாம். ஆளைச் சாதியால் அடையாளம் காணும் வீட்டுக்காரர் அவர் மதம் மாறியதை மறந்துவிட்டுச் சாதியைக் கேட்பார். அரசாங்கம் சாதியை மறந்துவிட்டு மதத்தைக் கேட்கும்.

நம்முடைய கதைக்கு வருகிறேன். நானிருந்த சங்கத்தில் காண்ட்ராக்ட் பெண்களுக்கு உறுப்பினர் அட்டை கிடையாது. 'நிரந்தரமானதும் சேர்த்துக்குவோம்' என்போம். வாசிப்பு வட்டத்தில் மதம் என்றால் அபின் என்ற ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டோம். மார்க்ஸ் அந்தச் சொல்லுக்கு முன்னால் எழுதிய வரிகளுக்குப் போகவில்லை. பிறகு வேலைநிறுத்தத்தில் என்னைத் தூக்கியெறிந்தபோது, இரண்டு மாதம் எனக்குச் சோறு போட்டது அந்த லைன் வீடு. யாரும் என்னைப் பாட்டுப் பாடச் சொல்லவில்லை. ஒரு நாள் மட்டும் அக்கா கேட்டார், 'உங்க சங்கத்துல இருந்து யாரும் பாக்க வரலியா?' இன்றுவரை என்னிடம் பதிலில்லை.

இப்போது ஓசூரைச் சுற்றி ஐபோன் பாகம் செய்கிறார்கள். ராஞ்சி, ஹசாரிபாக் பக்கத்து ஆதிவாசிப் பெண்கள் ஆறாயிரம் பேருக்குப் பயிற்சி என்று 2022 நவம்பரில் மத்திய அமைச்சர் ஒருவர் பெருமையாக அறிவித்தார். அந்தப் பக்கத்தில் சர்னாக்களும் உண்டு, தலைமுறை தலைமுறையாகக் கிறித்தவர்களும் உண்டு. ஹாஸ்டல், கம்பெனி பஸ், கேட், மறுபடி ஹாஸ்டல் என்று ஓடும் வாழ்க்கையில் வீடு தேடி அலைய வேண்டியதில்லை. 'என்ன ஆளு' என்று கேட்க வீட்டுக்காரரும் இல்லை, நல்லதுதான். ஆனால் அங்கே மெஸ்தான் இருக்கிறது, அடுப்படி இல்லை. இரண்டாவது கதையை எங்கே வைத்துச் சொல்வார்கள், எந்த மொழியில், யாரிடம்?

இந்தக் கட்டுரையை எழுதி முடித்து அக்காவுக்கு ஃபோனில் படித்துக் காட்டினேன். கருக்கு வரும் இடத்தில் 'அந்தப் புஸ்தகத்த எனக்கு வாங்கியா' என்றார். பிறகு திருத்தம் சொன்னார். ஆஸ்பத்திரிக்குக் கூட வந்தது அவரில்லையாம், எதிர் லைனில் இருந்த தெலுங்குக்காரம்மா. அந்தம்மா சபைக்கே வந்ததில்லையாம். 'அதையும் எழுது. நீ பாட்டுக்கு எல்லாத்தையும் சபைக் கணக்குல எழுதிடாத.'