பதிவு எண் வாங்கினால் போதுமா?

எண்ணூரின் காற்று மாசும் மூச்சு நோய்களும் பற்றி ஒரு சிஸ்டமேட்டிக் ரிவ்யூ செய்யலாம் என்று உட்கார்ந்தால், முதல் வேலை புரோட்டோகால். கேள்வி என்ன, எங்கே தேடுவோம், எந்த ஆய்வைச் சேர்ப்போம், எதைத் தள்ளுவோம் என்று முன்கூட்டியே எழுதி வைப்பது. அதை யார்க் பல்கலைக்கழகத்தின் பிராஸ்பெரோ பதிவேட்டில் பதியலாம். 2011 முதல் இருக்கிறது, காசு கிடையாது. ஆய்வுகளிலிருந்து தரவு எடுக்கத் தொடங்கும் முன்பே பதிந்துவிட வேண்டும்.

இதனால் என்ன லாபம்? பத்து நோய்களைப் பார்த்துவிட்டு, தோதான இரண்டை மட்டும் காட்ட முடியாது. ஆலைத் தரப்புக்கு மட்டுமில்லை, ஊர்ப்பக்கம் நிற்கிற நமக்கும் இந்தக் கடிவாளம் வேண்டும். இதுவரைக்கும் எனக்கு முழுச் சம்மதம்.

என் குறை வேறு. பதிவேடு நாம் சொன்னதைத் தேதியோடு வைத்திருக்கும். கேட்ட கேள்வி சரியா என்று எடைபோடாது. வடசென்னையில் சறுக்குவது அங்கேதான்.

ஒப்பீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணூர் மக்களை யாரோடு ஒப்பிடுவது? பக்கத்து ஊர்தானே என்று திருவொற்றியூரை எடுத்தால், அதற்கு மேற்கே மணலி சுத்திகரிப்பு ஆலை நிற்கிறது. புகையைப் புகையோடு ஒப்பிட்டு ‘வித்தியாசம் இல்லை’ என்று எழுதிவிடலாம்.

அடுத்தது, யாரைச் சேர்ப்பது. ஆலைத் தொழிலாளர்கள் மட்டும் என்றால், உடம்பு முடியாதவர் எப்போதோ வேலையை விட்டுப் போயிருப்பார். மிச்சம் இருப்பவர்கள் தெம்பாகத்தான் தெரிவார்கள். சாம்பல் படிந்த வீட்டில் இருக்கும் குழந்தையும் ஆயாவும் கணக்கிலேயே இல்லை.

மாசை எப்படி அளப்பது என்பதும் அப்படித்தான். 2023 டிசம்பர் 26 இரவு, கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து பெரியகுப்பம் மக்கள் வீட்டை விட்டு ஓடினார்கள். ‘வருஷ சராசரி’ மட்டும் போதும் என்று புரோட்டோகாலில் எழுதினால், அந்த ராத்திரி அதில் கரைந்துபோகும். தேடலை பப்மெட்டோடு நிறுத்தினால், பசுமைத் தீர்ப்பாயம் அமைத்த குழுக்களின் அறிக்கைகளும் கைக்கு வராது.

கடைசியில் கிடைப்பது ‘போதிய ஆதாரம் இல்லை’ என்ற ஒரு வரி. அடுத்த கூட்டத்தில் யாராவது அதையே ‘பாதிப்பு இல்லை’ என்று வாசிப்பார்கள். இரண்டும் ஒன்றா?

அதனால், பதியும் முன் வரைவை அந்த ஊர்க்காரர்களிடம் தமிழில் படித்துக் காட்டுங்கள். பதிந்த பிறகு திருத்தவே கூடாது என்றில்லை. என்ன மாற்றினோம், ஏன் மாற்றினோம் என்று சொல்லிவிட்டுத் திருத்தலாம். ஆனால் தப்பான கேள்வியை ஒழுங்காகப் பதிந்து வைத்தால், அதுவும் தப்பான கேள்விதான்.