நெட்டிமையாரின் இரு பாட்டுகள்: அறப்போர் என்பது உண்டோ?

பண்டைத் தமிழர் நிகழ்த்திய போர் அறப்போர் என்பது நம் மேடைகளில் நெடுங்காலமாக ஒலித்துவரும் கூற்று. கேமரன் மலைத் தேயிலைத் தோட்டப் பள்ளியில் பேச்சுப் போட்டிக்கு வரும் சிறுவனுக்கும் அது எளிதில் மனப்பாடமாகிவிடும். அக்கூற்றுக்குச் சான்றாகக் காட்டப்பெறுவது பெரும்பாலும் ஒரே பாட்டு. புறநானூற்றின் 9ஆம் பாட்டு.

பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியை நெட்டிமையார் பாடியது அது. ஆக்களும், ஆவின் இயல்புடைய பார்ப்பனரும், பெண்டிரும், பிணியுடையோரும், முன்னோர்க்குக் கடனாற்ற மைந்தரைப் பெறாதோரும் தத்தம் அரணை அடைக என முன்னறிவித்த பின்னரே அவ்வேந்தன் அம்பு விடுவான் என்பது அதன் பொருள். பீரங்கி சுடுமுன் ஊருக்கு அறிவித்தல் வேண்டும் என உலக நாடுகள் ஹேக் நகரில் 1907இல் எழுதிக்கொண்டன. அக்கருத்துப் பன்னூறு ஆண்டுகட்கு முன்னரே தமிழ்ப் புலவர் நாவில் பிறந்ததென்பது பெருமையே, அதில் ஐயமில்லை.

ஆயினும் அப்பட்டியலை ஊன்றி நோக்குதல் வேண்டும். மைந்தரைப் பெற்ற உழவன் அதில் இல்லை. குழந்தைகளும் தனியே குறிக்கப்பெறவில்லை. அறம் இங்கே சிலர்க்கு மட்டும் நீட்டிய குடையாகவே நிற்கின்றது.

இனி 15ஆம் பாட்டைக் காண்போம். பாடியவர் அதே நெட்டிமையார். பாடப்பெற்றவன் அதே முதுகுடுமி. பகைவரது நல்லரணின் தெருக்களைக் கழுதை பூட்டி உழுது பாழ்படுத்தினாய், விளைவயல்களிலே தேரோட்டினாய், காவலமைந்த குளங்களில் களிறுகளை இறக்கினாய் என்று அதிலே புகழ்கின்றார். இரு பாட்டும் ஒரே போரைக் குறிப்பன என்று கொள்ளச் சான்றில்லை. எனினும் ஒரு வினா எழாமலிராது. முதற்பாட்டில் எளியோர் ஓடியடைய வேண்டிய இடம் அரண். மற்றதில் கழுதை ஏர் ஓடிய இடமும் அரண். அடைக்கலம் புகுந்தோர் பின்னர் எங்கே போயினர்? ஊர் பாழான பின், உண்ண வயலேது, பருக நீரேது?

நன்மாறனைப் பாடிய காரிக்கண்ணனாரும் 57ஆம் பாட்டில், விளைவைக் கொள்ளைகொள்க, ஊரை எரிப்பினும் எரிக்க, காவல் மரத்தை மட்டும் வெட்டற்க என்கின்றார். ஒரு மரத்தைக் காக்கப் புலவர் ஓர் ஊரையே விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது!

அங்ஙனமாயின் புறப்பாட்டில் அறமே இல்லையோ எனின், உண்டு. அது போரில் இல்லை. போரைத் தடுத்தார் வாயிலும், வெற்றியை இடித்துரைத்தார் வாயிலும் உண்டு. மலையமானின் மக்களை யானைக்கு இடக் கிள்ளிவளவன் முனைந்தபோது, கோவூர்கிழார் இடைநின்று பாடி அச்சிறுவரை உய்வித்தார் (புறம் 46). வெண்ணிப் போரில் வென்ற கரிகாலனை நேர்நோக்கி, புறப்புண் நாணி வடக்கிருந்தவன் நின்னினும் நல்லவன் அல்லனோ என வினவினார் வெண்ணிக் குயத்தியார் (புறம் 66). போர் மாண்புடையதாயின் இக்குரல்கள் எழ வேண்டிய தேவையே இல்லை.

பிற்காலப் போரும் இதற்கு விலக்கன்று. சயாம்–பர்மா இரயில் பாதைக்காக 1942–43இல் சப்பானியப் படையினர் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளரைக் கொண்டுசென்றனர். ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீண்ட அப்பாதையில் வாந்திபேதியாலும் மலேரியாவாலும் பசியாலும் மடிந்தோர் மிகப் பலர். அவர்கள் வேல் ஏந்தியவர் அல்லர், மண்வெட்டி ஏந்தியவர். மைந்தரைப் பெற்றவனும் போனான், பெறாதவனும் போனான். அன்று அவர்களுக்கு ஆகோளும் இருந்ததில்லை, நடுகல்லும் இருந்ததில்லை. அவர் வழிவந்த பிள்ளைகள் இன்றும் தோட்டப் பள்ளிகளில் பயில்கின்றனர். அவர்களிடம் போர் அழகியது என்று சொல்லுதல் தகுமா?

ஆதலின் ஆசிரியர்க்குரிய கடமை 9ஆம் பாட்டை மறைப்பதன்று. அதனோடு 15ஆம் பாட்டையும் சேர்த்துக் கற்பிப்பதே. ஒன்றைத் தனியே படிப்பவன் பெருமிதம் கொள்வான். இரண்டையும் படிப்பவன் கேள்வி கேட்பான். பண்டைத் தமிழர் அறப்போர் செய்தனர் என்பதினும், போரினிடத்தும் அறத்தை வேண்டி நின்ற புலவரைப் பெற்றிருந்தனர் என்பதே மெய். நமக்குப் பெருமையும் அதுவே.