கணிப்பொறி தந்த விடையும் ஆசிரியர் கேட்கவேண்டிய வினாவும்

“பொறியே கணக்கிட்டுவிட்டது, இனி மனிதன் மனக்கணக்குப் போடுவது எதற்கு?” என்று கற்றவர் பலரும் கேட்கக் காண்கிறோம். இக்கூற்று எத்துணைப் பொருத்தமுடையது என்பதைத் திண்பொருள் விசையியல் என்னும் துறையில் நிகழ்ந்த இரண்டு பிழைகளைக் கொண்டு ஈண்டு ஆய்வோம்.

முதற்பிழை பேரறிஞர் கலிலியோவினுடையது. சுவரில் ஒரு முனை பதிந்த உத்தரத்தின் மறுமுனையில் சுமை தொங்கினால் அஃது எப்போது முறியும் என்ற வினாவை 1638இல் வெளிவந்த தம் நூலில் அவர் எழுப்பினார். உயரம் இருமடங்கானால் வலிமை நான்மடங்காகும் என்று சரியாகவே கண்டார். ஆனால், முறியும் இடத்தில் உத்தரத்தின் குறுக்குவெட்டு முழுவதும் ஒரே அளவாக இழுபடுவதாகக் கொண்டுவிட்டார். உண்மையில் மேற்பகுதி நீள்கிறது, கீழ்ப்பகுதி நெருக்குறுகிறது, நடுவே நீளாமலும் நெருங்காமலும் ஓர் அடுக்கு நிற்கிறது. இதனை விட்டமையால் அவர் கண்ட வலிமை மெய்யளவினும் மும்மடங்காயிற்று. பெருக்கல் பிழையன்று, தொடக்கக் கொள்கையே பிழை.

இரண்டாம் பிழை நம் காலத்தது. 1991 ஆகஸ்டு 23ஆம் நாள், நார்வே நாட்டு ஸ்டாவாங்கர் நகருக்கு அருகே, ஸ்லைப்னர் ஏ என்னும் கடல் எரிவாயு மேடையின் காங்கிரீட்டு அடித்தளம் சோதனையின்போது உடைந்து மூழ்கியது. உயிர்ச்சேதம் இல்லை, பொருளிழப்போ ஏறத்தாழ எழுபது கோடி அமெரிக்க டாலர். அடித்தளத்தின் வட்ட அறைகள் மூன்று கூடுமிடத்தில் முக்கோண இடைவெளி உண்டு. அதனுள் புகுந்த கடல்நீர் சுவர்களை அழுத்தியது. அச்சுவர்களில் எழும் துணிப்புத் தகைவைக் கணிப்பொறிக் கணக்கு 47 விழுக்காடு குறைத்துக் காட்டியிருந்தது. அதனை நம்பிச் சுவரை மெலிதாக்கினர். உள்ளிட்ட கம்பிகளும் போதிய நீளம் பெறவில்லை.

பொறி பொய் சொல்லிற்றா? இல்லை. கட்டடத்தைச் சிறு சிறு கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் விசையையும் பெயர்ச்சியையும் சமன்பாடுகளாக்கித் தீர்ப்பதே இம்முறை. 1960இல் அமெரிக்க அறிஞர் கிளஃப் இதற்குப் பெயரிட்டார். தமிழில் ‘வரம்புறு கூறு முறை’ எனலாம். சிலர் சுருக்கம் கருதிக் ‘கூறு முறை’ என்கின்றனர். இஃது ஏற்புடைத்தன்று. கூறுகள் எல்லையற்ற நுண்மையுடையன அல்ல, அளவுடையன. ஆகவே விடை தோராயமே என்ற எச்சரிக்கை ‘வரம்புறு’ என்னும் அடைமொழியிலன்றோ இருக்கிறது! அடித்தளக் கணக்கில் அம்மூலையிலே கூறுகள் பருத்தும் கோணியும் அமைந்தமையே கேட்டுக்குக் காரணம்.

பின்னர்ச் செவ்விய கணக்கு, 62 மீட்டர் நீரழுத்தத்தில் அச்சுவர் உடையும் என்று காட்டியது. உடைந்ததோ 65 மீட்டரில். இவ்வளவு நெருங்கிய விடை தரும் அறிவு முன்னரே இருந்தது, கேட்பார்தாம் இல்லை.

இதனாற் கணிப்பொறியைப் பழித்தல் நம் நோக்கமன்று. அஃதின்றி இன்றைய விமானமும் அணையும் இல்லை. அதன் விடையை மதிப்பிடும் மனிதன் வேண்டும் என்பதே எம் கருத்து.

அம்மனிதன் உருவாவது எங்கே? நம் வகுப்பறையில்தான். என் மாணவன் ஒருவன் தண்ணீர்க் குவளையின் கொள்ளளவு 40 லிட்டர் என்று எழுதினான். படிகள் யாவும் ஒழுங்கு. புள்ளி மட்டும் இடம் மாறியிருந்தது. நான் சிவப்பு மையால் கோடிட்டு, “தவறு” என்று எழுதி நகர்ந்தேன். தவறு என்னுடையதே. “தம்பி, இக்குவளையை உன்னால் தூக்க முடியுமா?” என்றல்லவா கேட்டிருக்க வேண்டும்!

கணக்கைத் தொடங்குமுன், “விடை ஏறக்குறைய எவ்வளவு இருக்கும்?” என்று கேட்போம். முடித்தபின், “இது நடக்கக்கூடியதா?” என்று கேட்போம். இவ்விரு வினாக்களுக்கும் செலவு ஏதுமில்லை. கேளாமைக்கு விலை உண்டு. ஆசிரியப் பெருமக்கள் சிந்திப்பாராக.