கையிலே கருவி, கல்வி எங்கே?

கைப்பேசி கல்லூரிக்குள் நுழையலாமா? இதுதான் இன்று பேசப்படும் வழக்கு. "நுழைந்தால் ஒழுக்கம் ஓடிவிடும்" என்று ஒப்பாரி வைக்கிறது ஒரு கூட்டம். "நுழைந்தால் போதும், அறிவு அருவியெனக் கொட்டும்" என்று ஆரத்தி எடுக்கிறது இன்னொரு கூட்டம். ஒப்பாரியும் வேண்டாம், ஆரத்தியும் வேண்டாம், தோழர்களே! ஆராய்ந்து பார்ப்போம், அதுவல்லவா பகுத்தறிவாளர் பாங்கு!

2008ஆம் ஆண்டு, அமெரிக்காவின் டெக்சாசிலுள்ள ஆபிலீன் கிறித்தவப் பல்கலைக்கழகம், முதலாண்டு மாணவர்க்கு ஐபோன் அல்லது ஐபாட் டச் வழங்கிற்று. பெரும் புதுமை என்று பேசப்பட்டது. ஆனால், 1991இலேயே ஹார்வர்டு இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் வேறொரு புதுமை செய்தார். விரிவுரையை இடையே நிறுத்துவார், வினா விடுப்பார், ஒவ்வொருவரும் தனித்து விடை தரவேண்டும். பிறகு, பக்கத்திலிருப்பவரோடு வாதிட்டு, மீண்டும் விடை தரவேண்டும். வாதத்திலே பிழை விழும், விளக்கம் எழும்!

இம்முறைக்குக் கைப்பேசி நல்ல துணை. பெயர் வெளிவராமல் விடை அனுப்பலாம். எழுந்து பேச அஞ்சும் கடைசி வரிசை மாணவியின் கருத்தும் கணக்கில் சேரும். ஆனால், வெறும் அட்டையை உயர்த்திக் காட்டியும் இதனை நடத்தலாமே! ஆகவே, உயர்வு முறைக்கு; கருவிக்கு அன்று.

இங்கே நடந்ததென்ன? 2020 மார்ச்சில் கொரோனா கல்லூரிக் கதவுகளை மூடிற்று. 2021 சனவரி முதல் ஏப்ரல் வரை, நாள்தோறும் 2 ஜி.பி. தரவு தரும் அட்டைகளை, 9 இலட்சத்துக்கு மேற்பட்ட கல்லூரி மாணவர்க்கு வழங்கும் திட்டத்தைத் தமிழக அரசு அறிவித்தது. நல்ல திட்டந்தான். ஆனால், அட்டையைச் செருகக் கருவி இல்லாதவர் கதி?

என் அடுத்த வீட்டில் கைப்பேசி ஒன்று. கல்லூரியில் படிப்போர் இருவர். வகுப்பு நேரங்கள் மோதும்போதெல்லாம் அண்ணன் கையிலே கைப்பேசி, தங்கை கையிலே துடைப்பம்! கருவி புதிது, கருத்து பழையது.

கருவி கிடைத்தவர்க்கேனும் கிடைத்ததென்ன? கரும்பலகையில் எழுதிப்போட்ட அதே குறிப்பு, வாட்சப்பில் படமாக வந்தது. மனப்பாடம் மாறவில்லை, அதன் வாகனம் மாறிற்று!

இல்லாதவர்க்குக் கருவி தருக. பெண்ணுக்கும் அதிலே சம உரிமை தருக. எப்போது எடுப்பது, எப்போது மூடிவைப்பது என்பதையும் கற்பித்திடுக. அனைத்துக்கும் மேலாக, "ஏன்?" என்று கேட்கும் உரிமையை மாணவர்க்கு வழங்குக. அவ்வுரிமை இருந்தால், எந்தக் கருவியும் ஏவல் செய்யும். அஃதில்லாத வகுப்பறையிலே, கைப்பேசி இன்னொரு பூசைப் பொருள், அவ்வளவே!