'சோங் ஒஃப் சிலோன்': பாடலில் இடம்பெறாத குரல்

உலக விவரணப்பட வரலாற்றை எழுதுவோர் 'சோங் ஒஃப் சிலோன்' என்ற படத்தைக் குறிப்பிடாது செல்வதில்லை. ஜோன் கிறியர்சனின் தயாரிப்பில் பஸில் றைற் இயக்கி 1934இல் வெளிவந்த இப்படத்திற்குப் பணம் வழங்கியது இலங்கைத் தேயிலைப் பிரசார சபை. தேயிலைப் பணத்தில் உருவான படைப்பில் தேயிலைத் தொழிலாளி பெறும் இடம் யாது என வினவுதல் நமது கடமையாகும்.

படம் நான்கு பகுதிகளைக் கொண்டது. 'புத்தர்' எனப் பெயரிய முதற்பகுதி சிவனொளிபாத மலையேறும் அடியார்களைக் காட்டுகிறது. ஹற்றனிலிருந்து அம்மலைக்குச் செல்லும் பாதை தேயிலைத் தோட்டங்களினூடே செல்வது. தோட்டத் தமிழரும் அதனைச் சிவனடியெனத் தொழுவர். அச்செய்திக்கு அங்கு இடமில்லை.

'வாணிபத்தின் குரல்கள்' என்ற மூன்றாம் பகுதியிலேயே தோட்டம் தோன்றுகிறது. கொழுந்து பறிக்கும் காட்சிகளின்மீது சந்தை விலைகளும் வணிகக் கடித வாசகங்களும் ஒலிக்கின்றன. உழைப்பவர் வேறு, பேசுபவர் வேறு என்பதை ஒலியமைப்பினாலேயே உணர்த்திய இவ்வுத்தி, பிரசார சபையின் படமொன்றில் வியத்தகு துணிவே. அதனை மறுப்பது நேர்மையாகாது.

எனினும், லயனல் வென்ட் வாசிக்கும் வருணனை றொபேட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலைத் தழுவியது. தோட்டங்களுக்குத் தமிழகத்திலிருந்து ஆட்களைக் கொணர்ந்தமையோ 19ஆம் நூற்றாண்டுச் செய்தி. எனவே அம்மக்களைக் குறிக்கும் சொல் அந்நூலில் இருத்தல் இயலாது. கிராமத்தவனுக்கு மரபு கூறப்படுகிறது; கொழுந்து பறிப்பவளுக்கு அவள் வந்த வழியும் கூறப்படவில்லை.

இதனை அழகியற் குறையென ஒதுக்கிவிட முடியாது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் 525,000 பேர் இந்தியாவிற்கு, 300,000 பேர் இலங்கைக்கு என அவர்களை எண்களாகவே பகிர்ந்தது. படமே சட்டத்திற்குக் காரணம் என்பதன்று எமது வாதம். உழைக்கும் கைகளை மாத்திரம் கண்டு, மனிதரின் வரலாற்றைக் காணாத பார்வை இரண்டிற்கும் பொதுவானது என்பதே.

மலையக மக்களின் இருநூறாண்டு வரலாற்றை நினைவுகூர்ந்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடைபயணம் நடைபெற்றது. மூதாதையர் நடந்து வந்த வழியை அவர்தம் வழித்தோன்றல்கள் தம் குரலிலேயே கூறிச் சென்றனர். மலையகத்தைப் படமாக்க முன்வருவோர் றைற்றிடம் ஒலியின் நுட்பத்தைக் கற்கலாம். வருணனையை லயன்களில் வாழும் முதியோரிடமே கேட்டுப் பெறுதல் வேண்டும்.